ஓரத்தில் நின்றவர்கள் எங்கே?

கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு குடியேற்றக் கிராமம். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து முடிந்த மாலை நேரம். ஒரு வீட்டின் தொலைக்காட்சிப் பெட்டியை விறாந்தையில் எடுத்து வைத்து, முற்றத்தில் பாய் விரித்து, முப்பது பேர் வரையில் கூடியிருந்தனர். முசலிப் பிரதேசத்தில் இருந்து 1990இல் வெளியேற்றப்பட்டு இங்கு வந்தவர்கள், அவர்களது பிள்ளைகள், சொந்த ஊரில் பிறக்காத பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினரும் அங்கு இருந்தனர். உறவினர் வீடுகளில் இருந்து தேடிச் சேர்த்த 86 பழைய புகைப்படங்களை, ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் தோன்றும் படக்காட்சியாக ஒரு டிவிடி இறுவட்டில் பதிந்து நாம் கொண்டு போயிருந்தோம்.

பதினான்காவது படம், 1970களில் எடுத்த ஒரு பாடசாலைப் படம். மூன்று வரிசையில் மாணவர்கள். முன்னால் இருந்த ஒரு மூத்தம்மா எழுந்து திரைக்குக் கிட்டப் போய் விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு எம்மைத் திரும்பிப் பார்த்து, "இதுல எங்கட நானா இல்லையே, மகன். எங்க வெட்டிப் போட்டீங்க?" என்று கேட்டார்.

வயது போனவர், ஞாபகம் பிசகியிருக்கும் என்றே நாம் முதலில் நினைத்தோம். பையைத் திறந்து அசல் படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் வெட்கமாகிப் போயிற்று. வலப்பக்க ஓரத்தில், கடைசி ஆளாக, பாதி திரும்பியபடி ஒரு பையன் நிற்கிறான். கணனித் திரையில் அவன் இருந்தான். இறுவட்டிலும் இருந்தான். தொலைக்காட்சிதான் அவனை விழுங்கியிருந்தது. அந்த நானா இன்று உயிருடன் இல்லை. அந்த வீட்டில் அவருடைய வேறு படமும் இல்லை.

அன்று மாலை அது ஒன்று மட்டும் அல்ல. படம் இரண்டு தடவை உறைந்து நின்றது. தலைப்புகளில் தமிழ் எழுத்துக்குப் பதில் சதுரங்கள் வந்தன. பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போன பிரதி அங்கே கறுப்பு வெள்ளையாக ஓடியது. எமது அறியாமையால் வந்த பிழைகளே இவற்றில் கூடுதல். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திய கதையை இங்கு எழுதுகின்றோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்காவது கணனி தெரிந்திருக்கும். இந்தப் பக்கங்களை அவர் கையில் கொடுங்கள்.

படங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

1990 ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 75,000 பேர் வரையில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசமே கிடைத்தது. மன்னார்த் தீவில் இருந்து பலர் வள்ளங்களில் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தனர். உடுதுணியும் கைச்செலவுக்குக் கொஞ்சப் பணமும் கொண்டு வரவே வழியில்லாத நேரத்தில் அல்பத்தைத் தூக்குபவர் யார்?

ஆகவே இன்று கையில் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முன்னரே ஊரை விட்டு வெளியே போயிருந்த படங்கள்தான். கொழும்பில் இருந்த மாமாவுக்கு அனுப்பிய கலியாணப் படம், வெளிநாட்டில் வேலை செய்த மச்சானுக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பிய பிள்ளையின் படம், அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிச்சமான பிரதி, இவை போன்றவை. வந்த பின்னரும் பல வருடம் ஓலைக் குடிசையில் வாழ்க்கை. மழை ஒழுக்கும் கடற்காற்றும் கறையானும் தின்றவை போக எஞ்சியவையே இந்த 86.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009இல் யுத்தம் முடிந்த பின் முசலிக்குத் திரும்பிப் பார்க்கப் போனவர்களுக்கு ஊர் காடாகிக் கிடந்தது. வீடு நின்ற இடத்தைக் கிணற்றுக் கட்டையும் புளியமரத்தையும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று பலர் எமக்குச் சொல்லியுள்ளனர். ஒரு படத்தின் பின்னணியில் தெரியும் கிணறு, வேலி, வயல் வரம்பு என்பன முன்னால் நிற்கும் ஆட்களைப் போலவே பெறுமதியானவை. படம் காணி உறுதி ஆகாது. ஆனால் இது எந்த வீட்டுக் கிணறு, அதற்கு அடுத்த வளவு யாருடையது என்று ஒரு பெரியவரைப் பேச வைக்கும். அதனால்தான் ஓரம் வெட்டுப்படுவதை நாம் சின்ன விடயமாக எடுக்கவில்லை.

திரை விழுங்கும் ஓரம்

பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. படத்தின் விளிம்பு நடுங்கினாலும் சுருங்கினாலும் பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, படத்தைச் சட்டத்தை விடச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும்படியே அவை செய்யப்பட்டன. நாலு பக்கமும் நூற்றுக்கு ஐந்து வீதம் வரை மறைந்து போகும், சில பெட்டிகளில் அதை விடவும் கூட. செய்தி வாசிப்பவரைப் பார்க்க இது தடையல்ல, அவர் நடுவில் இருக்கிறார். பாடசாலைப் படத்தில் கடைசியாக நிற்பவருக்குத்தான் ஆபத்து.

புதிய தட்டைத் தொலைக்காட்சிகளும் இந்தப் பழக்கத்தை முற்றாக விடவில்லை. அவற்றின் பட அமைப்புப் பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற பெயர்களில் ஒரு தெரிவு இருக்கும். அதைப் போட்டால் முழுப் படமும் வரும். குழாய்ப் பெட்டியில் அப்படி ஒரு தெரிவு இல்லாததால் இறுவட்டைத்தான் திருத்த வேண்டும். ஒவ்வொரு படத்தையும் திரை அளவின் 90 வீதத்துக்குச் சுருக்கி, சுற்றிவரக் கறுப்பு விட்டு நடுவில் வையுங்கள். எழுத்துகளை இன்னும் உள்ளே, 80 வீத எல்லைக்குள் வையுங்கள். படக்காட்சி செய்யும் சில மென்பொருட்களில் 'பாதுகாப்பான எல்லை' காட்டும் கோடு உண்டு. அதை இயக்கிக் கொண்டால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பிழை இருக்கிறது. படம் நெடுக்காகவோ சதுரமாகவோ இருந்தால், திரையை நிரப்புவதற்காக மென்பொருள் தானாகவே மேலும் கீழும் வெட்டிவிடும். 'நிரப்பு' என்ற தெரிவை எடுத்துவிட்டு 'பொருத்து' என்பதைப் போடுங்கள். இரு பக்கமும் கறுப்பாக இருப்பது அழகில்லை என்று சிலர் சொல்வார்கள். நாம் முதலில் வேலை கொடுத்த கடையில் அப்படிச் சொல்லித்தான், ஒரு குடும்பப் படத்தின் பின்னால் இருந்த ஓலை வீட்டை அழித்துப் பூந்தோட்டம் ஒன்றை வைத்துத் தந்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலைதான். ஆனால் அந்த வீட்டைப் பார்க்கத்தானே படத்தையே தேடி எடுத்தோம்!

ஆட்கள் எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் படத்தில் பிழையில்லை. பழைய 4:3 வடிவத்தில் செய்த இறுவட்டை அகலமான 16:9 திரை இழுத்துக் காட்டுகிறது. முதலில் தொலைக்காட்சியின் றிமோட்டில் 4:3 ஆக்கிப் பாருங்கள். தீராவிட்டால் டிவிடி கருவியின் அமைப்புப் பகுதியில் உங்கள் திரையின் வடிவம் சரியாகக் கொடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பல கருவிகள் பெட்டியில் இருந்து எடுத்த நாள் முதல் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே ஓடிக் கொண்டிருக்கின்றன.

கறுப்பு வெள்ளையான கலர்ப் படம்

பக்கத்து வீட்டில் நிறம் போனதற்குக் காரணம் தேட எமக்கு இரண்டு நாள் எடுத்தது. உலகில் தொலைக்காட்சிகளுக்கு ஒரே முறை இல்லை. எமது நாட்டில் பாவனையில் உள்ளது பால் முறை (குடிக்கிற பால் அல்ல). அதில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள், ஒரு டிவிடிப் படத்தில் 720 புள்ளி அகலமும் 576 வரி உயரமும். அமெரிக்காவிலும் யப்பானிலும் பயன்பட்டது என்.டி.எஸ்.சி. முறை. அதில் செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள், 480 வரிகள். 1982இல் ரூபவாகினி யப்பான் உதவியோடு தொடங்கியபோதும் இங்கு எடுத்துக் கொண்டது பால் முறையைத்தான்.

மென்பொருட்களில் பல, நாம் மாற்றாவிட்டால் என்.டி.எஸ்.சி. முறையிலேயே இறுவட்டைச் செய்துவிடும். புதிய கருவிகள் இரண்டையும் விளங்கிக் கொள்ளும். பழைய பெட்டியிலோ படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலும் கீழும் உருளும். இறுவட்டைச் செய்யத் தொடங்கும்போதே பால் என்று தெரிவு செய்வதே சரியான பரிகாரம். ஏற்கெனவே செய்து முடித்திருந்தால், கருவியின் அமைப்பில் தொலைக்காட்சி வகையைப் பால் ஆக்கிப் பாருங்கள். சில கருவிகள் ஓரளவு மாற்றித் தரும். மஞ்சள் வயரைத் தவறான துளையில் செருகினாலும் நிறம் போகும், அல்லது படமே வராது. படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்கு வெள்ளையும் சிவப்பும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். அன்று நாம் சரிபார்க்க மறந்தது அதைத்தான்.

வளைகுடா நாட்டில் இருந்து கொண்டு வந்த கருவி என்றால், 'ரீஜன்' வேறு, அதனால்தான் ஓடவில்லை என்று யாராவது சொல்வார்கள். கடையில் விற்கும் சினிமா இறுவட்டுகளுக்கு அது உண்டு. இலங்கை 5ஆம் வலயம், மத்திய கிழக்கு 2ஆம் வலயம். வீட்டில் நாமே செய்த இறுவட்டில் அந்தப் பூட்டு இல்லை. அந்தக் காரணத்தை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

உறைந்து நின்ற படம்

இதற்குக் காரணங்கள் பல. கருவியிலா இறுவட்டிலா பிழை என்பதை முதலில் பிரித்து அறிய வேண்டும். அதே இறுவட்டை வேறு இரண்டு வீட்டில் ஓட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே படத்தில் நின்றால் பிழை இறுவட்டில். ஒரு வீட்டில் மட்டும் நின்றால் கருவியின் வில்லையில் தூசியோ உப்போ படிந்திருக்கலாம். எமது கரையில் இது சாதாரணம். கடலுக்கு அருகில் உள்ள வீடுகளில் கருவியைத் துணியால் மூடி வைத்தாலே ஆயுள் கூடும்.

இறுவட்டில் பிழை என்றால் பெரும்பாலும் அவசரமே காரணம். பதியும் வேகத்தை ஆகக் கூடியதில் விடாமல் நாலு மடங்குக்கோ அதற்கு அண்மிய வேகத்துக்கோ குறையுங்கள். பதிந்து முடிந்ததும் இறுதி மூடல் செய்யப்பட வேண்டும். அது செய்யாத இறுவட்டு பதிந்த கணனியில் ஓடும், வீட்டுக் கருவியில் ஓடாது. மூன்றாவது, படத்தின் அடர்த்தி. தரம் கூட வேண்டும் என்று நாம் ஆகக் கூடிய அளவில் வைத்திருந்தோம். டிவிடியில் படத்துக்கு உள்ள உச்ச எல்லை செக்கனுக்கு 9.8 மெகாபிட். வீட்டில் பதிந்த இறுவட்டை அந்த எல்லைக்குக் கிட்ட வாசிக்கப் பழைய கருவிகள் திணறும். 5 மெகாபிட் அளவில் வைத்தால் 4.7 ஜிகாபைட் இறுவட்டில் இரண்டு மணித்தியாலம் அடங்கும். அசையாத புகைப்படத்துக்கு அது தாராளம்.

இறுவட்டில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என இரண்டு வகை உண்டு. பழைய கருவிகள் மைனஸ் ஆர் வகையைக் கூடுதலாக ஏற்கின்றன. அதற்கு மேல் காகித ஒட்டி ஒட்டாதீர்கள். சுழலும்போது சமநிலை தவறும், ஈரப்பதனில் கழன்று கருவிக்குள் சிக்கும். குமிழ்முனைப் பேனையாலும் எழுத வேண்டாம். மென்முனை மாக்கர் பேனையால், நடுவில் உள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் எழுதுங்கள்.

மின்வெட்டையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதிந்து கொண்டிருக்கும்போது மேசைக் கணனியில் மின்சாரம் போனால் அந்த இறுவட்டு குப்பைக்குத்தான். மின்கலம் உள்ள மடிக்கணனியில் செய்வது நல்லது.

இறுவட்டு சற்றும் ஓடாமல், 'வட்டு இல்லை' என்றோ 'பிழையான வட்டு' என்றோ திரையில் வந்தால், பிள்ளைகள் புகைப்படங்களை அப்படியே பிரதி செய்திருப்பார்கள். அது தரவு வட்டு. அதைச் சில கருவிகள் மட்டுமே வாசிக்கும். 'டிவிடி வீடியோ' என்ற வகையில் செய்ததே எல்லாவற்றிலும் ஓடும்.

எழுத்தும் கோடும்

தமிழ் எழுத்துச் சதுரங்களாக வருவது மென்பொருளின் குறை. படக்காட்சி மென்பொருட்களில் பழையவை பல, தமிழ் யுனிகோட் எழுத்தை விளங்காதவை. சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதனோடு மல்லுக்கட்டுவது வீண். சொற்களை எழுதும் சாதாரண மென்பொருளில் கறுப்புப் பின்னணியில் தலைப்பைப் பெரிதாக எழுதி, அதையே ஒரு படமாகச் சேமித்து, புகைப்படங்களோடு சேர்த்துவிடுங்கள். படத்தில் எழுத்துக் கெடாது. பாமினி எழுத்தில் பழகியவர்களுக்கும் இதே வழி உதவும்.

எழுத்துத் தடிப்பாக இருக்கட்டும். குழாய்த் தொலைக்காட்சி 576 வரிகளையும் ஒரே தடவையில் வரைவதில்லை. ஒற்றை வரிகளை ஒரு தடவை, இரட்டை வரிகளை மறு தடவை என மாறி மாறி வரைகிறது. ஒரு வரி அளவே தடிப்பான கோடு ஒரு தடவை தோன்றி மறு தடவை மறைவதால் கண்ணைப் பறிக்கும்படி துடிக்கும். கட்டம் போட்ட சாரம், கிடுகு வேலி, ஓலைக் கூரை உள்ள படங்களில் இந்தத் துடிப்பு மிக அதிகம். எமது படங்களில் அவை இல்லாத படம் எது? மென்பொருளில் 'துடிப்பு நீக்கி' இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் படத்தை மட்டும் மிக இலேசாக மங்கலாக்குங்கள். எக்காரணம் கொண்டும் கூர்மையாக்காதீர்கள். தட்டைத் திரைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

படத்தை எடுக்கும் விதம்

ஸ்கேனர் கிடைத்தால் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் எடுங்கள். தொலைக்காட்சிக்கு அதில் சிறு பகுதியே போதும். ஆனால் நாளைக்குப் பெரிய பிரதி வேண்டும் என்றால் அசல் அப்போது இருக்குமோ தெரியாது. ஸ்கேனர் இல்லையென்றால் கைத்தொலைபேசியும் உதவும். விறாந்தை நிழலில், வெயில் நேரே படாத இடத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். கண்ணாடியோடே எடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களையும் இழுத்துப் பிரிக்காதீர்கள். இழுக்கும்போது முகம்தான் முதலில் கழன்று வரும்.

1970களிலும் 80களிலும் எடுத்த கலர்ப் படங்கள் பல இன்று சிவந்து போயிருக்கின்றன. நீலப் பக்கத்துச் சாயம் முதலில் மங்குவதே காரணம். ஸ்கேன் செய்யும்போது 'நிறத்தை மீட்பு' என்ற தெரிவால் ஓரளவு சரிவரும். அதற்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்கள் இவற்றை விட நன்றாக இருப்பது பலருக்கு ஆச்சரியம்.

உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடும். திரையில் பார்க்க அது போதும், பாதுகாத்து வைக்கப் போதாது. 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். வரிசை குழம்பாதிருக்க 001, 002 என்று பெயரிடுங்கள். 1, 2 என்று இட்டால் சில கருவிகளில் 1க்கு அடுத்து 10 வரும்.

ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். எந்தப் படத்தை ஊர் முன்னால் காட்டலாம் என்பதை அந்தக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். தமது வீட்டுப் பெண்பிள்ளைகளின் படம் முற்றத்தில் ஓடுவதைச் சிலர் விரும்பார். காணாமற் போனவரின் படத்தைத் திடீரெனத் திரையில் பார்க்கச் சிலருக்கு நெஞ்சு தாங்காது. எமது 86இல் ஐந்தை அப்படி விலக்கி, அந்தந்த வீட்டுக்கு மட்டும் தனி இறுவட்டுச் செய்து கொடுத்தோம்.

மெதுவாக ஓடட்டும்

முதல் இறுவட்டில் ஒரு படத்துக்கு ஆறு செக்கன் கொடுத்திருந்தோம். பின்னணியில் ஒரு பாட்டு. ஒரு படம் மறைந்து மற்றது வர இதயமும் நட்சத்திரமும் பறக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களோ ஒரு பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது படம் போய்விட்டது. "நில்லு, நில்லு மகன்" என்ற குரல்தான் அன்று முழுவதும் கேட்டது.

இரண்டாவது இறுவட்டில் பாட்டை எடுத்துவிட்டோம். பறக்கும் வேலைகளையும் எடுத்துவிட்டோம். ஒவ்வொரு படத்தையும் ஓர் அத்தியாயமாக அமைத்தோம். றிமோட்டில் 'அடுத்தது' என்ற பொத்தானை அமர்த்தினால் அடுத்த படம், 'முந்தியது' என்றால் போன படம், நடுவில் நிறுத்தியும் வைக்கலாம். டிவிடியில் ஒரு தொகுப்புக்கு 99 அத்தியாயமே எல்லை. அதனால்தான் பல மென்பொருட்கள் 99 படத்துக்கு மேல் ஏற்பதில்லை. கூட இருந்தால் இரண்டு தொகுப்பாகப் பிரியுங்கள்.

பெரியவர் ஒருவரின் குரலைப் பதிந்து படத்தோடு சேர்க்க விரும்பினால், அந்தக் குரல் கோப்பை முதலில் 48 கிலோஹேர்ட்ஸ் அளவுக்கு மாற்றிக் கொள்ளுங்கள். டிவிடியின் ஒலி அளவு அது. மாற்றாமல் சேர்த்தால் சில மென்பொருட்களில் குரல் சிறிது சிறிதாக முந்திப் போய், கிணற்றைப் பற்றிப் பேசும்போது திரையில் மாப்பிள்ளை நிற்பார்.

டிவிடி கருவி பழுதாகி மூலையில் கிடக்கும் வீடுகளும் உண்டு. அங்கே தொலைக்காட்சியின் பக்கத்தில் பென் செருகும் துளை இருந்தால் அதே படங்களைப் பென்னில் ஏற்றிக் கொடுக்கலாம். பென் ஃபேட் 32 முறையில் இருக்க வேண்டும். படங்கள் சாதாரண ஜேபெக் ஆக இருக்க வேண்டும். 'புரோகிரசிவ்' வகையைப் பல பெட்டிகள் காட்டா. கைத்தொலைபேசியில் நிமிர்ந்து நின்ற படம் தொலைக்காட்சியில் படுத்துக் கிடந்தால், கணனியில் ஒரு தடவை திருப்பிப் புதிதாகச் சேமியுங்கள்.

இறுவட்டையோ பென்னையோ நம்பி அசலை எறிந்துவிடாதீர்கள். வெப்பத்தில் இறுவட்டின் சாயம் கெடும், பென் ஒருநாள் திடீரென ஒன்றும் இல்லை என்று சொல்லும். ஸ்கேன் செய்த முழு அளவுப் படங்களின் இரண்டு பிரதிகளை இரண்டு ஊரில், ஒன்று புத்தளத்திலும் மற்றது மன்னாரிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் கையிலும் வையுங்கள். ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லித் தரத் தேவையில்லை.

இரண்டாம் தடவை போனபோது ஒரு நாளைக்கு முன்னரே அதே வீட்டில், அதே பெட்டியில் முழுவதையும் ஓட்டிப் பார்த்தோம். மறுநாள் மாலை றிமோட்டை மூத்தம்மாவின் பேத்தி வைத்திருந்தாள். மடியில் ஓர் அப்பியாசக் கொப்பி. மூத்தம்மா முகத்தைத் தொட்டுப் பெயரைச் சொல்ல, அவள் படத்தின் இலக்கத்தையும் வரிசையையும் இடமிருந்து எத்தனையாவது என்பதையும் எழுதினாள். எழுதி முடியும்வரை அடுத்த படம் வரவில்லை. பதினான்காவது படத்துக்கு மட்டும் 20 நிமிடத்துக்கு மேல் எடுத்தது. நானா வலது ஓரத்தில் முழுதாக நின்றார். அவர் ஏன் திரும்பிப் பார்த்தார் என்பதையும் மூத்தம்மா சொன்னார். பாடசாலை வேலிக்கு வெளியே யாரோ மாட்டை அவிழ்த்து விட்டார்களாம்.

86 படங்களையும் அன்று முடிக்க முடியவில்லை. 31 வரைக்கும்தான் போனது. மிச்சத்துக்கு வெள்ளிக்கிழமை பின்னேரங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாடசாலைப் படத்தில் நடு வரிசையில் இடமிருந்து நாலாவதாக நிற்கும், காதில் பூ வைத்த பிள்ளை யார் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. கொப்பியில் அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.